மனிதவளப் பிரிவில் மதிப்பெண் போடும் மென்பொருள்: ஆள் எடுப்பதும் ஆட்குறைப்பும் எப்படி மாறுகின்றன?

இணையத்தில் விண்ணப்பம் அனுப்பிய சில நிமிடங்களிலேயே ‘இம்முறை உங்களைத் தெரிவுசெய்ய இயலவில்லை’ என்று பதில் வந்தால், அதை எழுதியது ஆளா இயந்திரமா என்று கொழும்பில் வேலை தேடும் பட்டதாரி கேட்பது நியாயமே. ஏற்கெனவே வேலையில் இருப்பவரின் சந்தேகம் வேறு: நிறுவனம் மறுசீரமைக்கப்படும்போது யார் இருப்பது, யார் போவது என்பதைக் கணினி முன்கூட்டியே பட்டியலிட்டுவிட்டதா? இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே தொழில்நுட்பம்தான். ஆனால் இலங்கைச் சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. ஊழியரை வெளியேற்றுவதற்கு இங்கே கடுமையான காவல் உண்டு. உள்ளே எடுக்காமல் விடுவதற்கோ, தனியார் துறையில், ஏறத்தாழ எந்தக் காவலும் இல்லை. மென்பொருளின் மதிப்பெண் எந்த இடத்தில் அதிகம் தீங்கு செய்யும் என்பதைத் தொழில்நுட்பத்தைவிட இந்த இடைவெளியே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எவை எவை?

மனிதவள மென்பொருள் விற்பவர்கள் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வேறு வேலைகளைச் சேர்த்துவிடுகிறார்கள். அவற்றைப் பிரித்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

1. பதிவு. சம்பளப் பட்டியல், கைரேகை இயந்திரத்தில் விழும் வரவு, விடுமுறை, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் பங்கு 8 சதவீதம், தொழில்கொள்வோர் பங்கு 12 சதவீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் என்று கணக்கிடுவது. ஹெச்செனிட் நிறுவனத்தின் பீப்பிள்ஸ் எச்ஆர், ஆரஞ்ச் எச்ஆர்எம் போன்ற இலங்கையோடு தொடர்புடைய மென்பொருள்கள் வளர்ந்தது இந்தத் தேவையிலிருந்துதான். இதில் ‘அறிவு’ எதுவும் இல்லை; ஆனால் அடுத்த இரண்டுக்கும் தீனி இங்கிருந்தே போகிறது.

2. பகுப்பாய்வு. பதிவுகளைத் தொகுத்து, எந்தப் பிரிவில் ஆட்கள் அதிகம் விலகுகிறார்கள், எந்தப் பயிற்சிக்குப் பின் விற்பனை கூடியது என்று ஆராய்வது. நல்ல முகாமையாளர் என்று ஒருவர் இருப்பதால் உண்மையில் பயன் உண்டா என்பதைத் தன் தரவுகளைக் கொண்டே சோதிக்கக் கூகிள் 2008 அளவில் தொடங்கிய ‘ஒட்சிசன்’ திட்டம் இவ்வகையில் பெயர்பெற்றது. இங்கே முடிவெடுப்பவர் இன்னும் மனிதர்தான்.

3. தானியக்கத் தீர்மானம். விண்ணப்பதாரிகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவது, ஒரு வரம்புக்குக் கீழே இருப்பவர்களை யாரும் பார்க்காமலேயே நிராகரிப்பது, ‘விலகக்கூடியவர்’ என்று ஊழியர் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி இடுவது.

வேலை விளம்பரம் எழுதுவது, கூட்டக் குறிப்பைச் சுருக்குவது போன்ற, உரையை எழுதித் தரும் மென்பொருள்களான மொழி மாதிரிகளின் வேலையைப் பற்றி இங்கு நீட்டிப் பேச வேண்டியதில்லை. அவை மனிதவள அதிகாரியின் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. எவருடைய வேலை வாய்ப்பையும் நேரடியாகப் பறிப்பதில்லை.

மூன்றாம் வகைக்கு நுட்பமான கணிதம் வேண்டும் என்பதும் இல்லை. ஐடியூட்டர்குரூப் என்ற இணையவழிக் கற்பித்தல் நிறுவனத்தின் மென்பொருள் 55 வயதும் அதற்கு மேலுமான பெண்களையும், 60 வயதும் அதற்கு மேலுமான ஆண்களையும் தானாகவே நிராகரித்தது என்று அமெரிக்கச் சம வேலைவாய்ப்பு ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. 2023இல் நிறுவனம் 365,000 டொலர் செலுத்த உடன்பட்டதோடு வழக்கு முடிந்தது. விடயம் வெளிவந்த விதம் கவனிக்கத்தக்கது: நிராகரிக்கப்பட்ட ஒருவர், மற்ற விபரங்களை அப்படியே வைத்துக்கொண்டு பிறந்த திகதியை மட்டும் பின்தள்ளி, வயதைக் குறைத்து மீண்டும் விண்ணப்பித்தார்; நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஒரேயொரு நிபந்தனை வரியால் நடந்தது அது.

இயந்திரம் கற்பது எதை?

நிபந்தனையை மனிதர் எழுதாமல், பழைய தரவிலிருந்து மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளும் முறையை இயந்திரக் கற்றல் என்கிறோம்; அப்படிக் கற்ற மென்பொருளை ‘மாதிரி’ என்பார்கள். ‘நல்ல ஊழியர் யார்’ என்பது அதற்குத் தெரியாது. ‘இந்த நிறுவனம் முன்பு யாரை எடுத்தது, யாருக்குப் பதவி உயர்வு கொடுத்தது’ என்பதையே அது கற்கிறது. பழைய தீர்மானங்களில் ஓரவஞ்சனை இருந்தால், அது தசமத்தானம் வரை துல்லியமான மதிப்பெண்ணாக மாறித் திரும்பி வருகிறது.

அமேசான் நிறுவனம் 2014இல் உருவாக்கத் தொடங்கிய விண்ணப்ப வடிகட்டியின் கதை 2018இல் ரொய்ட்டர்ஸ் செய்தியால் வெளியே தெரிந்தது. பத்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஆண்களிடமிருந்து வந்திருந்த விண்ணப்பங்களை வைத்துப் பயிற்றப்பட்ட அந்த மென்பொருள், ‘மகளிர்’ என்ற சொல் இடம்பெற்ற சுயவிபரக்கோவைகளின் மதிப்பெண்ணைக் குறைத்தது. பெண்கள் மட்டும் பயிலும் இரு கல்லூரிகளின் பட்டதாரிகளையும் கீழே தள்ளியது. பொறியியலாளர்கள் அந்தச் சொற்களைச் சரிசெய்து பார்த்தனர். வேறு வழியில் அது மீண்டும் அதையே செய்யாது என்று உறுதி கூற முடியாமல் போகவே திட்டம் கைவிடப்பட்டது.

இதைக் கொழும்பில் வைத்துப் பார்த்தால் ஆபத்து குறைவதில்லை, கூடுகிறது. நமது சுயவிபரக்கோவையில் பாடசாலையின் பெயர் தவறாமல் இடம்பெறும். இராமநாதன் இந்து மகளிர் கல்லூரி என்று ஒரு வரி இருந்தால் பால், சமயம், ஏறத்தாழ இனம், படித்த இடம் அனைத்தும் அந்த ஒரே வரியில் வந்துவிடுகின்றன. ‘பால், இனம் ஆகிய நிரல்களை (அட்டவணையின் செங்குத்து வரிசைகளை) நாங்கள் நீக்கிவிட்டோம்’ என்று மென்பொருள் விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நீக்கப்பட்டது நிரல் மட்டுமே. தகவல் அங்கேயேதான் இருக்கிறது. ஒன்றை மறைத்த பின்பும் அதைக் காட்டிக்கொடுக்கும் இன்னொரு தரவைப் பகுப்பாய்வாளர்கள் ‘பதிலி மாறி’ என்பார்கள்.

இலங்கையில் மிகச் சிறந்த பதிலி மாறி ஒன்று ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதனோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 90 என்று தொடங்கி 620 என்று தொடரும் இலக்கம் 1990ஆம் ஆண்டின் 120ஆவது நாளில் பிறந்த பெண்ணுடையது. 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் ஆண்டு நான்கு இலக்கமாக நீண்டதே தவிர முறை மாறவில்லை. ஆகவே வயதையும் பாலையும் நீக்கிவிட்டு அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் ‘ஆளை அடையாளம் காண’ என்று விட்டுவைத்த தரவுத்தொகுதி உண்மையில் எதையும் நீக்கவில்லை. இலக்கத்தை எண்ணாக எடுத்துக்கொள்ளும் மாதிரியொன்று 500ஐத் தாண்டினால் வேறு விளைவு என்று கற்றுக்கொள்ள அதிக நேரம் ஆகாது. விண்ணப்பக் கட்டத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கும் பழக்கத்துக்கு இன்று எந்த நியாயமும் இருப்பதாகத் தோன்றவில்லை. வேலை கொடுத்த பின் கேட்டால் போதும்.

தமிழ்ப் பெயர்கள் வேறொரு விதத்தில் சிக்குகின்றன. வெளிநாட்டு விண்ணப்பத் தளங்கள் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களை வைத்திருக்கின்றன. தந்தையின் பெயரை முன்னெழுத்தாகச் சுருக்கும் நம்மவர் ஒரு விண்ணப்பத்தில் தந்தையின் பெயரையும், இன்னொன்றில் தன் பெயரையும் இரண்டாம் கட்டத்தில் இடுகிறார். பிறப்புச் சான்றிதழிலும் சாதாரண தரச் சான்றிதழிலும் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறுபட்டிருப்பதும் சாதாரணம். மனித எழுதுவினைஞர் ஒரு பார்வையில் தீர்த்துவிடும் இச்சிறு பொருத்தமின்மையைத் தானியக்கச் சரிபார்ப்பு ‘முரண்பட்ட தகவல்’ என்று ஒதுக்கிவிடக்கூடும்.

‘விலகக்கூடியவர்’ என்ற சிவப்புக் குறி

அடுத்து அதிகம் விற்கப்படுவது ஊழியர் விலகலை முன்கூட்டியே சொல்லும் மாதிரி. இதைக் கற்பவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் பயிற்சித் தரவு ஐபிஎம் நிறுவனத்தின் தரவு அறிவியலாளர்கள் உருவாக்கிய 1,470 கற்பனை ஊழியர்களின் பட்டியல். அதில் 237 பேர் விலகியவர்கள். கற்பனைத் தரவில் பழகிய கைகளே பின்னர் உண்மை ஊழியர்களின் பதிவுகளில் இறங்குகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இம்மாதிரிகளின் ‘துல்லியம்’ பற்றிய கணக்கை ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். 1,000 ஊழியர்கள் உள்ள ஒரு நிறுவனத்தில் ஆண்டுக்கு 100 பேர் விலகுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதிரி, விலகுபவர்களில் 80 சதவீதத்தினரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. விலகாதவர்களில் 15 சதவீதத்தினரைத் தவறாகச் சந்தேகிக்கிறது.

1. விலகப்போகும் 100 பேரில் குறி விழுவது 80 பேருக்கு.
2. விலகாத 900 பேரில் தவறாகக் குறி விழுவது 135 பேருக்கு.
3. ஆகக் குறி விழுந்த 215 பேரில் உண்மையில் விலகப்போவது 80 பேர், அதாவது ஏறத்தாழ 37 சதவீதத்தினர் மட்டுமே.
4. ஆயினும் 1,000 பேரில் 845 பேரை (விலகும் 80, விலகாத 765) சரியாகச் சொன்னதால் மொத்தத் துல்லியம் 84.5 சதவீதம் என்று விற்பனைத் தாளில் அச்சிடலாம். ‘எவரும் விலகமாட்டார்’ என்று வெறுமனே எழுதிவைத்தால் அதன் துல்லியம் 90 சதவீதம்.

அந்த 135 பேரின் நிலையே இங்கு முக்கியம். குறி விழுந்தவருக்கு வெளிநாட்டுப் பயிற்சி மறுக்கப்படலாம். பெரிய வாடிக்கையாளரின் கோப்பு வேறொருவருக்குப் போகலாம். ஓராண்டு இப்படி நடத்தப்பட்டவர் உண்மையிலேயே வேறு வேலை தேடத் தொடங்குவார். அப்போது மாதிரி சரியாகச் சொன்னதாகவே பதிவாகும்.

இலங்கைத் தரவில் இன்னும் இரண்டு பள்ளங்கள் உள்ளன. ஒன்று 2022. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த அந்த ஆண்டில் வெளிநாட்டு வேலைக்காக மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் நாட்டைவிட்டுச் சென்றனர். எரிபொருள் வரிசையும் மின்வெட்டும் ரூபாயின் வீழ்ச்சியும் துரத்திய விலகல்களை, முகாமையாளரின் குணத்தாலோ சம்பளப் படியாலோ நேர்ந்த விலகல்களோடு கலந்து பயிற்றினால், ‘முப்பதுக்கு உட்பட்ட, ஆங்கிலம் நன்கு தெரிந்த, கணினித் தகைமை உள்ள எவரும் போய்விடுவார்’ என்பதையே மாதிரி கற்றுக்கொள்ளும். நெருக்கடி ஆண்டின் பாடத்தைச் சாதாரண ஆண்டுக்கு விதியாக்குவது அது.

மற்றது விடுமுறைப் பதிவு. 2018இல் செய்யப்பட்ட திருத்தத்தின் பின் எத்தனையாவது குழந்தை என்ற வேறுபாடின்றிப் பிரசவ விடுமுறை 84 நாள்கள். வரவுப் பதிவில் அதற்கெனத் தனிக் குறியீடு இல்லாமல் ‘வராத நாள்கள்’ என்று மொத்தமாகக் கூட்டும் அறிக்கை, தாயான ஊழியரை அந்த ஆண்டின் மிக மோசமான வரவு உள்ளவராகக் காட்டும். இங்கு சதி எதுவும் தேவையில்லை. அறிக்கை வடிவமைத்தவரின் கவனக்குறைவு ஒன்றே போதும்.

மாற்றத்தை அளக்கும்போது

நிறுவன மாற்றம் என்பது இணைப்பு, கிளை மூடல், புதிய கணினி முறைமை, ஆட்குறைப்பு ஆகியவற்றுக்குப் பொதுப்பெயர். உளவியலாளர் குர்ட் லெவின் 1947இல் எழுதிய காலத்திலிருந்து, பழைய பழக்கத்தைத் தளர்த்துதல், மாற்றுதல், மீண்டும் உறுதிப்படுத்துதல் என்ற மூன்று படிகளாக இதை விளக்குவது வழக்கம். அக்காலத்தில் மாற்றம் பிடிக்கிறதா என்பது முடிவில்தான் தெரியும். இப்போது வாராந்தக் குறுங்கருத்துக்கணிப்பு, மின்னஞ்சல் போக்குவரத்திலிருந்து யார் யாரோடு வேலை செய்கிறார் என்று வரையப்படும் தொடர்பு வலை, கருத்துகளின் தொனியைப் பிரிக்கும் மென்பொருள் ஆகியவை நடுவழியிலேயே அளந்து சொல்கின்றன.

இதில் உண்மையான பயன் உண்டு. ஒரு பிரிவு கலைக்கப்படும்போது, பதவி வரைபடத்தில் கீழே இருக்கும் ஓர் எழுதுவினைஞரே மூன்று பிரிவுகளை இணைத்துவைத்திருந்தார் என்பதைத் தொடர்பு வலை காட்டிக்கொடுத்தால், அவரை இழந்து பின்னர் தடுமாற வேண்டியதில்லை. மேலதிகாரிகளின் கண்ணில் படாத உழைப்பு வெளியே தெரிவது நல்லதுதான்.

ஆனால் அளவீடு இலக்காகிவிட்டால் அது நல்ல அளவீடாக நிலைப்பதில்லை. பொருளியலாளர் சார்ள்ஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் இவ்விதி அலுவலகத்திலும் பொருந்தும். செய்திகளின் எண்ணிக்கை அளக்கப்படுகிறது என்று தெரிந்தால் செய்திகள் பெருகும், வேலை பெருகாது. 2020 நவம்பரில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ‘உற்பத்தித்திறன் மதிப்பெண்’ தனிநபர் மட்டத்தில் கண்காணிக்க இடமளிக்கிறது என்று எதிர்ப்பு எழுந்தபோது, டிசெம்பர் முதலாம் திகதியே ஊழியர் பெயர்களை அதிலிருந்து நீக்குவதாக அந்நிறுவனம் அறிவித்தது.

தொனி ஆய்வு இங்கே இன்னும் தடுமாறுகிறது. கொழும்பு அலுவலகமொன்றின் கருத்துப் பெட்டியில் விழுவது தூய ஆங்கிலமும் அல்ல, தூய தமிழும் அல்ல, சிங்களமும் அல்ல. ஆங்கில எழுத்தில் தட்டச்சிட்ட தமிழும், நடுவே சிங்களச் சொல்லும், ஒரு சிரிப்புக் குறியும் கலந்தே வரும். ‘நல்லா இருக்கு உங்கட மாற்றம்’ என்று மனம் கொதித்து எழுதியதை நிறைவான கருத்தாக எண்ணிக்கொள்ளும் மென்பொருளின் அறிக்கையை வைத்துப் பணிப்பாளர் சபை முடிவெடுத்தால், யாருடைய மனநிலை அளக்கப்பட்டது? ஆங்கிலத்தில் சரளமாக எழுதும் தலைமையகத்தாரின் மனநிலை மட்டுமே. மட்டக்களப்புக் கிளையின் குரலும் நுவரெலியாக் கிளையின் குரலும் கணக்கில் வந்தும் வராததாகிவிடும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இனி இடைவெளிக்கு வருவோம். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத ஊழியர்களைக் கொண்ட தொழில்கொள்வோர், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை வேலைநீக்க அவரது எழுத்துமூல முற்சம்மதத்தையோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல முன் அனுமதியையோ பெற வேண்டும். ‘மாதிரி இவருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டது’ என்பது அந்த அனுமதிக்குக் காரணமாகாது. ஒழுக்காற்று நீக்கம் என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஊழியர் ஆறு மாதங்களுக்குள் தொழில் நியாய சபையை நாடலாம்.

இந்தக் காவல் வலிமையானது. அதனாலேயே மதிப்பெண் அதைச் சுற்றிக்கொண்டு போக மூன்று வழிகள் எஞ்சுகின்றன.

1. சுயவிருப்ப ஓய்வுத் திட்டம். சம்மதம் இருந்தால் அனுமதி தேவையில்லை. ஆகவே யாரிடம் முதலில் பேசுவது, யாரை ‘இத்திட்டம் உங்களுக்கு நல்லது’ என்று இரண்டாம் முறையும் அழைப்பது என்ற பட்டியலை மென்பொருள் தயாரிக்கலாம். ஏட்டில் அது சம்மதம். எந்த வரிசையில் அந்தச் சம்மதம் கேட்கப்பட்டது என்பது எந்த ஏட்டிலும் இராது.

2. முதல் 180 நாள்கள். பன்னிரண்டு மாதங்களில் அதற்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் காவல் கிடையாது. தகுதிகாண் காலத்தில் இருப்பவர் மீதே கண்காணிப்பு மதிப்பெண் முதலில் பிரயோகிக்கப்படும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது.

3. வாசல். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை தரும் சமத்துவ உரிமையை அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராகவே உயர் நீதிமன்றத்தில் கோரலாம். தனியார் நிறுவனம் நேர்முகத் தேர்வுக்கே அழைக்காமல் விட்ட விண்ணப்பதாரி அவ்வழியில் செல்ல முடியாது. இனம், பால், வயது காரணமாகத் தனியார் துறையில் வேலை மறுக்கப்படுவதைப் பொதுவாகத் தடுக்கும் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை.

மூன்றாவது இடைவெளியை ஓரளவு நிரப்பக்கூடியது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க, தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். தானியக்கச் செயன்முறையை மட்டுமே கொண்டு எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையை அதன் 18ஆம் பிரிவு தருகிறது. ஆனால் அத்தீர்மானம் மீளமுடியாத, தொடர்ச்சியான தாக்கத்தை ஒருவரது சட்ட உரிமைகளில் ஏற்படுத்தியிருக்க வேண்டும், அல்லது ஏற்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு வேலை விண்ணப்பத்தின் நிராகரிப்பு அந்த அளவுக்கு உயருமா என்பது எளிதில் தீராத வாதம். மேலும், சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வரவிருந்து, அதற்குச் சற்று முன் ஒத்திவைக்கப்பட்டன. இப்பிரிவை நம்பி முறையிட எண்ணுபவர் நடைமுறைத் திகதியை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

‘மட்டுமே’ என்ற நிபந்தனை நிறுவனம் தப்பிக்க எளிதான வழி. மென்பொருள் வரிசைப்படுத்தும், மனிதவள உதவியாளர் ஒருவர் மேலிருந்து இருபது பெயர்களுக்குச் சரி என்று அழுத்துவார். தீர்மானம் மனிதருடையது என்று சொல்லிக்கொள்ளலாம். ஐரோப்பிய நீதிமன்றம் இந்த வாதத்தை 2023 டிசெம்பரில் ஷூஃபா என்ற ஜேர்மன் கடன்தர நிறுவனத்தின் வழக்கில் ஏற்கவில்லை: மதிப்பெண்ணையே பெரிதும் சார்ந்து மற்றவர் முடிவெடுத்தால், மதிப்பெண் போடுவதே தானியக்கத் தீர்மானம் என்றது. நமது நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் எடுத்துக்காட்டத் தகுந்த தர்க்கம்.

மற்ற இடங்களில் அணுகுமுறை வேறு. நியூயோர்க் நகரின் 2021ஆம் ஆண்டின் 144ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டம், 2023 ஜூலை முதல், ஆட்சேர்ப்பு மென்பொருளுக்கு ஆண்டுதோறும் சுயாதீனப் பக்கச்சார்புக் கணக்காய்வைக் கட்டாயமாக்கியது. அதில் ஒப்பிடப்படுவது தெரிவு விகிதங்கள்: உதாரணமாக, விண்ணப்பித்த 200 ஆண்களில் 60 பேரும், 150 பெண்களில் 30 பேரும் தெரிவானால், விகிதங்கள் முறையே 30, 20 சதவீதம். சிறியதைப் பெரியதால் வகுத்தால் 0.67. அமெரிக்காவில் 1978 முதல் வழங்கும் ஐந்தில் நான்கு என்ற வழிகாட்டலின்படி 0.8க்குக் கீழே என்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு. நகரச் சட்டம் இந்த எண்ணை வெளியிடச் சொல்கிறதே தவிர, எல்லை எதையும் விதிக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் ஆட்சேர்ப்பையும் ஊழியர் முகாமைத்துவத்தையும் உயர் ஆபத்து வகையில் சேர்த்ததோடு, வேலைத்தளத்தில் முகத்தைப் பார்த்து உணர்ச்சியை ஊகிக்கும் மென்பொருளைப் பொதுவாக 2025 பெப்ரவரி 2 முதல் தடைசெய்தும் விட்டது. ஐரோப்பிய வாடிக்கையாளருக்காக மென்பொருள் எழுதும் கொழும்பு நிறுவனங்களை இவ்விதிகள் நமது சட்டத்துக்கு முன்பே வந்தடையும்.

கேட்கத் தகுந்தவை

தொழிற்சங்கமோ, ஊழியர் குழுவோ, மென்பொருள் வாங்கும் மனிதவள முகாமையாளரோ கீழுள்ளவற்றுக்கு எழுத்தில் விடை கேட்கலாம்.

1. மதிப்பெண் எந்தத் தீர்மானத்துக்குப் பயன்படுகிறது? ஒரு தேவைக்காகத் திரட்டிய வரவுப் பதிவு இன்னொன்றுக்குப் போகிறதா?
2. பயிற்சித் தரவு எந்த ஆண்டுகளுடையது? 2022 அதில் உள்ளதா?
3. அடையாள அட்டை இலக்கம், பாடசாலை, முகவரி ஆகியவை மாதிரிக்குள் போகின்றனவா?
4. பிரசவ விடுமுறையும் நோய் விடுமுறையும் தனித்தனிக் குறியீட்டில் உள்ளனவா?
5. மதிப்பெண்ணுக்கு மாறாக முடிவெடுத்த மனித அதிகாரிகள் கடந்த ஆண்டில் எத்தனை முறை அவ்வாறு செய்தனர்? விடை பூச்சியம் என்றால் இடையில் மனிதர் இல்லை என்றே பொருள்.

ஐந்தாவதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு மதிப்பெண்ணும், அதைப் பார்த்தவர் யார், அவர் என்ன செய்தார் என்பதும் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். தொழில் நியாய சபையில் பணிநீக்கம் நியாயமானது என்று காட்ட வேண்டியது தொழில்கொள்வோரே. மதிப்பெண்ணைத் தன் சாட்சியமாக முன்வைத்தால், அது எப்படி வந்தது என்ற குறுக்கு விசாரணைக்கு விடை சொல்ல ஒருவர் வந்தாக வேண்டும். மென்பொருளை விற்ற வெளிநாட்டு நிறுவனம் வராது. ஆகவே வாங்கும் ஒப்பந்தத்திலேயே அந்தப் பதிவுகளைத் தரும் கடப்பாட்டையும், விளக்கம் அளிக்கும் கடப்பாட்டையும் எழுதிக்கொள்வது மனிதவள முகாமையாளரின் வேலை. கையொப்பமிட்ட பின் கேட்டால் அதற்குத் தனியாகக் கட்டணம் கேட்பார்கள்.